ஜோவோ ஜில்பெர்ட்டோவின் அரை மணி நேரம்

அன்புள்ள ஐயா,

இப்போதுதான் பிரேசிலின் போஸா நோவா இசையைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஜோவோ ஜில்பெர்ட்டோவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம் ‘ஜோவோ வோஸ் இ வியோலாவ்’ கேட்டேன். மொத்தமே அரை மணி நேரம். ஒரு கிதார், ஒரு முணுமுணுப்பு. போதாததற்கு, பழைய பாட்டுகளையே திரும்பப் பாடுகிறார். அவ்வளவு பெரிய கலைஞரின் கடைசி ஆல்பம் இவ்வளவுதானா?

ச.

அன்புள்ள ச.,

இவ்வளவுதான். ‘குரலும் கிதாரும்’ என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டாரே!

2000-இல் வந்த அந்த ஆல்பம், கடைசி என்று சொல்லிக்கொண்டு வந்ததல்ல. அப்புறம் டோக்கியோ கச்சேரிப் பதிவு ஒன்று வந்தது. 2019 ஜூலையில், 88 வயதில், ரியோவில் இறந்தார். அதனால் விடைபெறும் தொனியை அதில் தேட வேண்டாம். எல்லாம் பழசு என்பதும் சரியில்லை. முதல் பாட்டு, ஆல்பத்தின் தயாரிப்பாளர் கயெட்டானோ வெலோசோ எழுதியது.

ஆனால் பழைய பாட்டில்தான் விஷயம் இருக்கிறது. ‘ஷேகா ஜி சவுதாஜி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் இசையமைப்பாளர் ஜோபிமின் இசைக்கோப்பில், பக்கவாத்தியங்களோடு இரண்டே நிமிடத்தில் பாடிய பாட்டு. போஸா நோவா என்ற பேச்சே அதிலிருந்துதான் கிளம்பியது. 2000-இல் அதைக் கடைசிப் பாட்டாக வைக்கிறார். பக்கவாத்தியம் ஒன்றுகூட இல்லை. கட்டைவிரல், பிரேசிலின் சாம்பா நடன இசையில் வரும் பெரிய முரசு மாதிரி சீராக விழுகிறது. மற்ற விரல்கள் சின்னப் பறையின் தட்டல்களை, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளாக (chords) மாற்றுகின்றன. குரல் மட்டும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வார்த்தை பின்தங்கும், கிதார் காத்திருக்காது, வரி முடியும்போது இரண்டும் எப்படியோ ஒன்றாக நிற்கும். அவள் திரும்பி வந்தால் என்று பாடும் இடத்தில் சோகம் தொனிக்கும் மைனரிலிருந்து பளிச்சென்ற மேஜருக்குப் போகிறது பாட்டு. அந்த வெளிச்சம் மொத்தமும் இப்போது ஆறு தந்தியிலிருந்தே வர வேண்டும். வருகிறது.

இந்தத் தாழ்ந்த குரல் வயதானதால் வந்ததல்ல. 1950-களின் நடுவில், ரியோவில் பிழைப்பு சரிப்படாமல், டயமண்டினா ஊரில் சகோதரி வீட்டில் தங்கியிருந்தபோது குளியலறைக்குள் கிதாரோடு உட்கார்ந்து பழகியது. அந்தச் சுவர்களுக்குள் கத்த வேண்டிய தேவையே இல்லை.

எனக்கும் குறை உண்டு. மைக் மிக நெருக்கம். ஒலிப்பதிவு சற்று வறண்டிருக்கிறது. முதல் தடவை பஸ்ஸில் கேட்டேன், எஞ்சின் சத்தம்தான் கேட்டது. நீங்கள் ராத்திரி, ஹெட்போனில், 1958 பதிவை முதலில் போட்டுவிட்டு உடனே இதைப் போடுங்கள். அட்டையில் ஒரு பெண் உதட்டில் விரல் வைத்திருக்கிறாளே, அது நம் இருவருக்கும் சேர்த்துத்தான்.