"ஒரு நம்பர்தான் தவறிச்சு!"

கேள்வி: என் வீட்டுக்காரர் லொத்தரில் சம்பளத்தையே கரைக்கிறார். "நாலு நம்பரில் மூணு சரி, அடுத்தது விழும்" என்கிறார். நகையும் அடகில். இது நோயா?
– வாசகி, ஹட்டன்

பதில்: கணக்கைப் பாருங்கள், சகோதரி. நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள் அமையும். முழுதாகப் பொருந்துவது 1. மூன்று பொருந்தி ஒன்று பிசகுவது 36. அதாவது "ஒண்ணு தவறிச்சு" என்பது வெற்றியைவிட 36 மடங்கு அதிகம் வரும். அடுத்த குலுக்கலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால், மயிரிழையில் தோற்கும்போதும் வெற்றியில் கிளர்ச்சியடையும் மூளைப் பகுதிகள் தூண்டப்படுவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. புத்திமதி எடுபடாததற்கு இது பெரிய காரணம். அவரைத் திட்டாதீர்கள்.

நோயாகவும் ஆகலாம். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டில் சூதாட்டக் கோளாறை மது, போதை அடிமைத்தனத்தோடு சேர்த்தது. ஆய்வாளர்களின் 9 கேள்வி அளவுகோல் கடந்த 12 மாதங்களைக் கேட்கிறது: விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பிப் போனாரா? கடன் வாங்கினாரா, பொருளை விற்றாரா? 27 புள்ளியில் 8 வந்தாலே சிக்கல்.

கடன் அடைக்க அவர் கையில் காசு கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவரிடமே தவணையாகக் கட்டுங்கள். மொத்தமாக அடைத்தால் மறுபடி கடன் வாங்க வழி திறக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம், அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.