குளிர் கிடக்கட்டும், தம்பி

போன ஞாயிறு கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டபோது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உன் அப்பா பக்கத்தில் நின்றார், குன்னூர் பஸ்ஸும் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் தத்துவமும் அறவியலும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, குளிரைத் தாங்க முடியுமா, பகுதிநேர வேலை கிடைக்குமா, அரிசி பருப்பு கிடைக்குமா, படிப்பு கஷ்டமா என்று கேட்டாய். கடைசியை மட்டும் ஏதோ பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டாய். எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மற்றதை முடித்துவிடுகிறேன். குளிரைப் பற்றிக் கோத்தகிரிப் பக்கத்துப் பையனுக்கு நான் என்ன சொல்ல? டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அந்த இருட்டுக்குத்தான் சுவெட்டர் கிடையாது. அரிசி கிடைக்கும். வேலை, பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். "கையில் காசாகத் தருவாங்க, யாருக்கும் தெரியாது" என்று சொல்லும் அண்ணன்மார் போன முதல் வாரமே வந்து சேருவார்கள். மாட்டினால் விசா போவது உனக்கு. படித்து முடித்தபின் தங்குவதற்கு என் காலத்தில் இரண்டு வருடம் கொடுத்தார்கள், 2012இல் அதை மூடினார்கள், 2021இல் வேறு பெயரில் திறந்தார்கள். இதில் யார் பேச்சையும் நம்பாதே, என் பேச்சையும் சேர்த்துத்தான். கிளம்பும் முன் பிரிட்டன் அரசின் இணையதளத்தை நீயே படி.

நான் போனது 2009 செப்டம்பரில். எங்கள் வீட்டில் ஊர் மாறுவது புதிதில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் என் பாட்டியும் ஒருத்தி. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்குக் கொழுந்து பறிக்க வந்தவர். இன்றைக்கும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டியின் பேத்தி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு ஒரு திமிர். முதல் கட்டுரையோடு அது இறங்கியது.

பொய் சொல்வது எப்போதாவது சரியாகுமா என்பது தலைப்பு. ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1797இல் எழுதிய சிறு கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். கொலைகாரன் வாசலில் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார் மனிதர். எனக்கு ஒரே குஷி. நம்மிடம்தான் 'பொய்மையும் வாய்மை யிடத்த' இருக்கிறதே! குறளை எழுதி, பரிமேலழகர் உரையை எழுதி, காண்டுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே வள்ளுவர் இதைத் தீர்த்துவிட்டார் என்று முடித்தேன். பள்ளியில் கோனார் உரையை வரி பிசகாமல் எழுதி மார்க் வாங்கியவள் வேறு எப்படி எழுதுவாள்? ஓரத்தில் பென்சிலால் குறிப்பு வந்தது: "அவர் சொல்கிறார், சரி. அவர் சொல்வது ஏன் சரி? யாருக்கு நன்மை? அதை முடிவு செய்வது பொய் சொல்பவனேயா?" அந்தக் குறளில் வரும் 'புரைதீர்ந்த', அதாவது குற்றமற்ற, என்ற சொல் அந்தக் கேள்விக்குத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறதோ என்று, சின்ன வயதிலிருந்து அதை ஒப்பித்த எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இரண்டாவது கட்டுரையில் செய்தது இதைவிட மோசம். ஒரு புத்தகத்தில் அழகாக இருந்த இரண்டு பத்தியை, எங்கே எடுத்தது என்று சொல்லாமல் அப்படியே இறக்கிவிட்டேன். மென்பொருள் பிடித்துக்கொடுத்தது. ஒரு அறையில் மூன்று பேர் முன்னால் உட்காரவைத்தார்கள். நன்றாக இருந்ததால் எழுதினேன் என்றேன், உண்மையும் அதுதான். பூஜ்யம். அறவியல் பாடத்தில் திருட்டுக் குற்றம், வீட்டில் எப்படிச் சொல்வாய்? இப்போது உங்களுக்குச் செயற்கை நுண்ணறிவு வேறு கையில் இருக்கிறது. அது எழுதித் தருவது உனக்கே பிடித்துப்போகும், அங்கேதான் ஆபத்து.

அப்புறம் வகுப்பு. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள், ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் வாயில் 'சார்' தவிர எதுவும் வராது. எதற்கு வம்பு என்று ஆறு வாரம் வாயே திறக்கவில்லை. நவம்பரில் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரை வந்தது. வங்க அகதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது எழுதியது. குளத்தில் குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உன் துணி சேறாகும், அவ்வளவுதான், இறங்குவாய் அல்லவா? அப்படியானால் பத்தாயிரம் மைல் தள்ளி இருப்பவனை மட்டும் ஏன் விட்டுவிடுகிறாய், தூரத்துக்கு அறத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்.

அதே வாரம்தான் நம் நீலகிரி மலை சரிந்தது. உனக்கு அப்போது ஐந்து வயது இருக்குமா? நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மூன்று நாள் வீட்டுக்குப் போன் போகவில்லை. அன்றைக்கு வாய் திறந்தேன். தூரம் முக்கியம்தான், இந்த வாரம் என் ஊரைத் தவிர வேறு எந்த ஊரும் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். குரல் நடுங்கியது. எதிரில் இருந்த கிளாஸ்கோ பையன், "தெரியவில்லை என்பது ஒன்று, தெரியத் தேவையில்லை என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எப்படிப் போனாய்?" என்றான். அவர்கள் நாட்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே போட்ட கொக்கி அது. (நாத்திகர் என்று 1745இல் எடின்பரோவில் அந்த ஹியூமுக்கே அறவியல் பேராசிரியர் பதவி கொடுக்காமல் விட்டார்கள். இப்போது மாணவர்கள் அவர் சிலையின் கால்விரலைத் தடவிவிட்டுப் பரீட்சைக்குப் போகிறார்கள்.) இங்கே ஊர் மண்ணுக்குள் போகிறது, இவன் பிழை திருத்துகிறானே என்று எனக்கு எரிச்சல். இரண்டு வாரம் அவன் முகத்திலேயே விழிக்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள். அவன் ஒருத்தன்தான் நான் சொன்னதற்குப் பதில் சொன்னான். கோடையில் எழுதிய ஆய்வேடு முழுக்க அவனுக்கு நான் சொன்ன பதில்தான்.

அங்கே இருக்கும் நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "தத்துவமா, ஐ.டி. கிடைக்கலையா?" என்று பொங்கல் விழாவில் கேட்பார்கள், சிரித்துவிட்டுச் சாப்பிடப் போ. "எல்லாம் நம்ம ஆளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்பவர்கள்தான் என்னால் தாங்க முடியாதவர்கள், நானும் ஒரு காலத்தில் அந்த ஜாதிதானே. ஆனால் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. கிரேக்கர் சொன்னால் தத்துவத் துறை, பௌத்த அறிஞர் நாகார்ஜுனர் சொன்னால் சமயத் துறை, வேறு கட்டிடம். வேதாந்தத்தில் அறவியல் உண்டு என்று 1908இல் ராதாகிருஷ்ணன் சென்னையில் ஆய்வேடு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நூறு வருடம் கழித்து நானும் அதே வாசலில் நின்றேன்.

இப்போது ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடத்தில் சமயம், அறம், தத்துவம் மூன்றும் சேர்ந்த பாடம் எடுக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்னைப் பெயரெல்லாம் சொல்வதில்லை, 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் ஏன் என்று மட்டும் விடாமல் மடக்குவார்கள்.

அடுத்த புதன் வரை கோத்தகிரியில்தான் இருப்பேன். அதற்குள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வா. கொலைகாரன் வாசலில் நிற்கிறான், நீ பொய் சொல்வாயா, ஏன்? குறள் வரக் கூடாது, காண்ட் வரக் கூடாது. அப்பாவையும் கூட்டி வா, வாடகை அட்வான்ஸ் கணக்கை அவரிடம் சொல்கிறேன். அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறார்.