பாதி விலைக்குக் கிடைக்கும் சிபாப் கருவியை வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையவில்லை. பலத்த குறட்டை, இடையிடையே மூச்சு நின்று, திணறி விழிக்கிறார். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுவதாக வந்தது. உறங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவியை வாங்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் தாம் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்திய கருவியைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? அதைப் போட்டுக்கொண்டால் மாரடைப்பு வராதா?

பதில்: அந்தக் கருவி வேண்டாம். ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த பஞ்சு சிதைந்து, துகள்கள் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. உங்களுக்கு வரும் கருவி அந்த வரிசையில் இல்லாவிட்டாலும், அதன் அழுத்த அளவு வேறொருவருக்காக வைத்தது; மோட்டாரும் பல ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கும்.

உங்கள் கவனம் முழுவதும் மாஸ்க்கில் இருக்கட்டும். சிபாப்பைக் கைவிடுகிறவர்களில் பலர் கைவிடுவது பொருந்தாத மாஸ்க்கால்தான். காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், மூக்குத்தண்டு புண்ணாகும், ஒரு வாரத்தில் கருவி அலமாரிக்குப் போய்விடும். வாய் திறந்து தூங்குபவருக்கு மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் பெரும்பாலும் சரிப்படாது. தாடி இருந்தாலும் காற்று கசியும். அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். படுத்த நிலையில், கருவி ஓடும்போதே இரண்டு மூன்று வகைகளைப் போட்டுப் பார்க்கட்டும். மாஸ்க்கை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாடகைக்குக் கிடைத்தால் முதல் மாதம் வாடகைதான் நல்லது. தொண்டை வறண்டால் ஈரப்பதம் சேர்க்கும் தொட்டி உதவும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டியைச் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்.

மாரடைப்பு பற்றிய கேள்விக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். உறக்கத்தில் மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் அது கடுமையான வகை. ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. உடல் பதறி விழித்து ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. உறக்கத்தில் ஓய்வெடுக்க வேண்டிய இதயம் இரவெல்லாம் அடி வாங்குகிறது. மாத்திரைக்கு அழுத்தம் அடங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். சிபாப் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் சராசரியாக 2 அல்லது 3 புள்ளிதான். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் நடந்த, 2016இல் வெளியான பெரிய ஆய்வில் சிபாப்பால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் அதைப் போட்டிருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. எனவே, மாரடைப்பு வராது என்று உறுதி சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். ஆனால் பகல் தூக்கம் குறையும். வண்டி ஓட்டும்போது கண் அயரும் ஆபத்தும் குறையும். இதற்காகவே கருவி வாங்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். அவருடைய இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் குறைந்திருக்கிறதா? அப்படியானால், மூச்சுக்கு ஏற்பத் தானே அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி (ASV) கருவியை உயர்ந்த ரகம் என்று கடைக்காரர் காட்டினால், மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். பலவீனமான இதயத்தோடு, மூளையின் கட்டளை தவறி மூச்சு நிற்கும் வகையும் உள்ளவர்களிடம் அது இறப்பைக் கூட்டியதாக 2015இல் தெரியவந்தது.

ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து, கருவியில் பதிவாகும் பயன்பாட்டு நேரத்தையும் கசிவு அளவையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.