நிற்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போதே கணக்கு ஓடும்

கேள்வி: ஐயா, நாங்கள் புதுச்சேரியிலிருந்து வந்து, பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் சேன்-ஆந்த்ரே ஊரில் குடியேறியவர்கள். நகராட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியல் போட்டு நில்லுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். நான் முடிவெடுக்கவில்லை. ஆழம் பார்க்கலாமே என்று 500 துண்டறிக்கை அடித்தேன். கோயில் மண்டபத்தை ஒரு கூட்டத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள். புதுச்சேரிச் சித்தப்பா பணம் அனுப்புகிறேன் என்கிறார். வேட்பாளர் என்று அறிவித்த பிறகுதானே தேர்தல் வரவுசெலவுக் கணக்கு?

பதில்: இல்லை. நீங்கள் எப்போது அறிவித்தீர்கள் என்பதைப் பிரெஞ்சுச் சட்டம் பார்ப்பதில்லை, பணம் எதற்குப் போனது என்றுதான் பார்க்கிறது. தேர்தல் வரும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து ஆறு மாதம் பின்னோக்கி எண்ணுங்கள். 2026 மார்ச் தேர்தலுக்கு 2025 செப்டம்பர் 1-லேயே காலம் தொடங்கிவிட்டது. அதற்குள் ஓட்டை மனதில் வைத்துச் செய்த செலவெல்லாம், சும்மா நாடி பார்த்தேன் என்றாலும், நீங்கள் நின்றால் பிரச்சாரக் கணக்கில் ஏறும். 9,000 பேரும் அதற்கு மேலும் உள்ள ஊர்களில் இந்தக் கணக்கு கட்டாயம், உங்கள் ஊர் அதைவிட எவ்வளவோ பெரியது.

துண்டறிக்கை பில்லைப் பத்திரமாக வையுங்கள். கைக்காசு போட்டதில் தப்பில்லை, தேர்தல் பணத்தைக் கையாளும் நிதி முகவர் ஒருவரை நியமித்து ப்ரெஃபெக்தூரில் (அரசின் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில்) பதிவு செய்த பிறகு அவர் அதை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துக் கணக்கில் சேர்ப்பார். அந்த முகவர் நீங்களாக இருக்க முடியாது. அவர் வந்து தனி வங்கிக் கணக்கு திறக்கும்வரை யாரிடமும் ஒரு யூரோ நன்கொடை வாங்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை மண்டபம்தான். கம்பெனியோ சங்கமோ வேட்பாளருக்குப் பணம் தரக் கூடாது. இலவசமாகவோ குறைந்த விலைக்கோ எதையும் தரவும் கூடாது, கட்சிகளுக்கு மட்டும் விலக்கு. கோயில் நிர்வாகமும் சங்கம்தானே! பாசத்தோடு தருகிறார்கள், புரிகிறது, ஆனால் அந்தப் பாசமே உங்கள் கணக்கைக் கவிழ்த்துவிடும். கல்யாணத்துக்கு என்ன வாடகையோ அதையே கட்டி ரசீது வாங்குங்கள். நகராட்சி மண்டபம் எல்லா வேட்பாளருக்கும் ஒரே மாதிரி இலவசமென்றால் அது வேறு விஷயம்.

அப்புறம் சித்தப்பா. அவரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறதா? இருந்தால் 4,600 யூரோ வரை தரலாம், ஒரு தேர்தலுக்கு ஒருவருக்கு அதுதான் உச்சவரம்பு. 150 யூரோவைத் தாண்டினால் ரொக்கம் கூடாது, செக்கோ கார்டோ வங்கிப் பரிமாற்றமோதான். பிரெஞ்சுக் குடியுரிமையும் இல்லை, பிரான்சில் வசிக்கவும் இல்லை என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

கணக்கு நிராகரிக்கப்பட்டால் 5 சதவீத ஓட்டு வாங்கியவர்களுக்கு அரசு திருப்பித் தரும் செலவுத் தொகை உங்களுக்கு வராது, மோசமான மீறல் என்றால் நீதிமன்றம் மூன்று வருடம் வரை நிற்கவே விடாது. கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, கணக்கில் கறாரான ஒருவரை முதலில் முகவராகப் பிடியுங்கள்.