எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்?

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வரப்போகிறது. "அடியில் களிமண் போட்டு இறுக்கிவிடுவோம், சொட்டுக்கூட இறங்காது" என்கிறார்கள். எங்கள் குளமும் களிமண்ணால்தான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. நம்பலாமா?
(வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: தண்ணீர் என்றால் நம்பலாம் அம்மா. ஆனால் அங்கே தேங்கப்போவது குப்பை அழுகி, மழையில் ஊறி வடியும் கறுப்புச் சாறு. அதில் உப்பு இருக்கும், கால்சியம் இருக்கும், யாரோ கொட்டிய பெயின்ட் தின்னரும் இருக்கும்.

மண் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவள் நான். என் மானம் போன கதை ஒன்றைச் சொல்கிறேன். பென்டோனைட் என்று ஒரு களிமண் பொடி. நனைந்தால் பயங்கரமாக உப்பும். நல்ல சோடியம் பென்டோனைட் 2 கிராமை, 100 மில்லி தண்ணீர் உள்ள கண்ணாடி அளவு ஜாடியில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால், மறுநாள் 24 மில்லிக்குக் குறையாமல் உப்பி நிற்க வேண்டும். ஒருமுறை எனக்கு 16-ஐத் தாண்டவில்லை. மூட்டை மட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரக்கு கொண்டுவந்த பையன் ஜாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணி மேடம்?" என்றான். போர் தண்ணீர்! வாளியில் வெள்ளைக் கறை படிகிற உப்புத் தண்ணீர். வாலைவடித்த நீரில் திரும்பச் செய்தேன். 26.

நடந்தது இதுதான். களிமண் துகள்கள் வெற்றிலைக் கட்டு போல அடுக்கடுக்கானவை. சோடியம் இருந்தால் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து விரியும், சந்துகள் அடைபடும். கால்சியமோ நிறைய உப்போ வந்தால் அடுக்குகள் சுருங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கலங்கல் தண்ணீரில் படிகாரம் சுற்றினால் சேறு திரண்டு அடியில் உட்காருகிறதே, ஏறக்குறைய அதேதான். குடத்தில் அது நல்லது. கிடங்கின் அடியில் நடந்தால், திரண்ட கட்டிகளுக்கு நடுவே சாறு இறங்க வழி கிடைத்துவிடும்.

எண்ணெய் வகையறா இன்னும் மோசம். கரிசல் மண்ணை மண்ணெண்ணெயில் போட்டால் மணல் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும், உப்பவே உப்பாது. அதனால்தான் மண் எவ்வளவு உப்புகிறது என்று அளக்க ஒரு ஜாடியில் தண்ணீர், ஒப்பிட இன்னொன்றில் மண்ணெண்ணெய் வைக்கிறோம். 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் இறுக்கிய களிமண் வழியே கலப்படமில்லாத கரைப்பான்களைச் செலுத்திப் பார்த்தார்கள். ஊடுருவல் 100 முதல் 1,000 மடங்கு கூடியது. தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் 90 செ.மீ. களிமண்ணும் அதன் மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பும் கேட்டன. களிமண்ணின் ஊடுருவு திறன் நொடிக்கு ஒரு செ.மீட்டரில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விரிப்பே இல்லை, 30 செ.மீ. சாறு தேங்கியிருக்கிறது, மண்ணில் நூற்றுக்கு நாற்பது பங்கு இடைவெளி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சாறு மறுபக்கம் வர எட்டரை வருஷம். ஊடுருவல் நூறு மடங்கு கூடினால்? ஒரு மாதம்.

அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து வில்சன்வில் கிராமத்தில் களிமண் நிலத்தை நம்பி ரசாயனக் கழிவைப் புதைத்தார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, 1981இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், புதைத்ததைத் தோண்டி எடுக்க வைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் ரசாயனங்கள் கணித்ததைவிட 100 முதல் 1,000 மடங்கு வேகமாக நகர்ந்திருந்தன. பழியை முழுக்க ரசாயனத்தின் மேல் போட முடியாது; அந்த மண்ணில் கீறல்களும் இருந்தன.

ஆகவே கூட்டத்தில் எழுந்து, "இந்தக் களிமண்ணை எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்? குப்பைச் சாற்றில் எத்தனை நாள் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

கேள்வி: பெருங்குடி, கொடுங்கையூரில் இப்படி அடித்தளம் உண்டா?
(வாசகர், சென்னை)

பதில்: இல்லை. வெறும் நிலத்தில் கொட்டி வளர்ந்த மேடுகள். பெருங்குடிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு.

கேள்வி: பென்டோனைட் உப்புவதை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?
(பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்)

பதில்: தாராளமாக. எர்த் குழி போடும் எலக்ட்ரீஷியனிடம் ஒரு கைப்பிடி பென்டோனைட் கேட்டு வாங்கு. ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் அரை ஸ்பூன் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டு, மூடி வைத்து மறுநாள் காலையில் பார். கரண்டி போட்டுக் கலக்கிவிடாதே. அப்புறம் இரண்டும் வெறும் சேறாகத்தான் தெரியும்.