கோழிக்குக் கொடுத்த மருந்து பித்தத்தோடு போய்விடுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சளி பிடித்துக் கொரகொரவென்று இழுத்ததால், டாக்டர் எழுதிக்கொடுத்த ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலந்து 5 நாள் கொடுத்தேன். தேறிவிட்டன. லிவர் டானிக் கொடுத்தால் மருந்தெல்லாம் பித்தத்தோடு 2 நாளில் போய்விடும், அப்புறம் முட்டையும் கறியும் விற்கலாம் என்கிறார் தீவனக் கடைக்காரர். சரிதானா?

பதில்: தயவுசெய்து அப்படி விற்காதீர்கள். இந்த மருந்து பித்தத்தில் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் பித்தத்தில் இறங்கிய மருந்து உடம்பை விட்டே போய்விட்டதாகக் கணக்கு வைக்க முடியாது.

தண்ணீரில் குடித்த மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே எச்சத்தில் விழுந்துவிடும். குடல் உறிஞ்சிய மிச்சம் முதலில் ஈரலுக்கு வந்து, பிறகு ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஒரு பங்கைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது, இன்னொரு பங்கை ஈரல் பித்தநீரில் சேர்க்கிறது. கோழி அறுக்கும்போது ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மருந்தின் அடர்த்தி ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருக்கும். அந்தப் பித்தநீர் கொட்டுவது குடலில்தான். இறைத்த தண்ணீர் வாய்க்காலில் கசிந்து கிணற்றுக்கே திரும்புகிற மாதிரி, குடல் ஒரு பகுதியை மறுபடி உறிஞ்சி ஈரலுக்கு அனுப்பிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் எச்சத்தோடு கழியும். டானிக் கொடுத்து இந்தச் சுற்றை நிறுத்த முடியாது. ஈரலையும் சிறுநீரகத்தையும் பிள்ளைகளுக்கென்று ஆசையாக வாங்கிப்போகிறார்கள், மருந்து அதிகம் தங்குவதும் அவற்றில்தான். வேகவைத்தாலும் முழுக்கப் போகாது.

முட்டையில் இன்னொரு சிக்கல். மஞ்சள் கருவுக்கு வேண்டிய சத்தை ஈரல்தான் செய்து அனுப்புகிறது. ஒரு கரு வேகமாகப் பெருத்து முடிக்கவே ஏறக்குறைய 10 நாள் ஆகும். சின்னதும் பெரியதுமாகப் பல கருக்கள் ஒரே சமயத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். ஆக, இன்று இடுகிற முட்டையில் போன வாரம் குடித்த மருந்தும் இருக்கலாம்.

மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் முட்டையையும் கறியையும் விலக்க வேண்டும் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 'முட்டைக்கோழிக்கு ஆகாது' என்று போட்டிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஒரு முட்டைகூட விற்க வேண்டாம். இந்த விலக்கு நாள் இவ்வளவு என்று நிரூபிக்கப்படாத மருந்துக்கு, முட்டைக்குக் குறைந்தது 7 நாள், ஈரல் உட்படக் கோழிக்கறிக்கு 28 நாள் என்று 2012-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பாலக்காட்டில் விற்றாலும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் விற்றாலும் அதே விதிதான். முட்டைக்கு டாக்டர் இன்னும் அதிக நாள் சொன்னால் அதையே கேளுங்கள்.

கூண்டில் போட்ட தேங்காய் நாரை மாற்றிவிட்டீர்களா? மிக முக்கியமான வேலை அது. மருந்து கலந்த எச்சத்தைக் கோழி கொத்தித் தின்றால் மருந்து திரும்பவும் உள்ளே போகும். தண்ணீர்த் தொட்டியையும் தேய்த்துக் கழுவுங்கள். அள்ளிய எருவை உடனே தென்னைக்குப் போடாமல் குவித்து, சூடேறி மக்கவிட்டுப் போடுங்கள், மருந்து பெருமளவு சிதைந்துவிடும்.

இடையில் மறுபடி மருந்து கொடுக்க நேர்ந்தால், கடைசியாகக் கொடுத்த வேளையிலிருந்து விலக்கு நாட்களைப் புதிதாக எண்ணுங்கள்.