டிரான்ஸ்ஃபார்மரில் தொங்கும் நீலமணிக் குடுவை ஏன் இளஞ்சிவப்பாகிறது?

அந்தக் குடுவைக்குப் பெயர் பிரீதர். உள்ளே இருப்பது சிலிக்கா ஜெல். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் வெளிக்காற்றை இழுக்கும். அதிலுள்ள ஈரத்தை இந்த மணிகள் வழியிலேயே பிடித்துவைக்கும்.

மழைக்காலத்தில் திறந்துவைத்த பொரி நமத்துப்போகிறதல்லவா? அதேபோல மணி முழுக்க நுண்துளைகள். ஒரு கிராமில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு. நிறம் மாறுவது மேலே பூசிய கோபால்ட் குளோரைடு: காய்ந்தால் நீலம், நீர் சேர்ந்தால் இளஞ்சிவப்பு. அது நச்சு என்பதால், ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையும் விற்கிறது. கையுறை இல்லாமல் நீலத்தைத் தொட வேண்டாம்.

காற்று அடியிலிருந்து நுழைவதால் நிறம் கீழிருந்து மேலே ஏற வேண்டும். மேல்மணி முதலில் இளஞ்சிவப்பானால் மேல் கேஸ்கெட்டில் (இணைப்பை அடைக்கும் வளையத்தில்) காற்றுக் கசிவு. காற்று கடந்துவரும் அடிக்கிண்ணத்து எண்ணெய் வற்றினால் தூசியும் உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் எடுத்து, சுமார் 120 டிகிரி செல்சியஸில் நீலம் திரும்பும்வரை காயவைக்கலாம். சூடு மிஞ்சினால் நிறமி கெடும். எண்ணெய் ஊறிக் கறுத்த மணி தேறாது, மாற்றத்தான் வேண்டும்.

பலர் நினைப்பதுபோல இளஞ்சிவப்பு என்றால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருளல்ல. மணிகள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான். எண்ணெயின் ஈரத்தைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.